சில்லைப் பிடித்து நிற்கும் ஆறு ஆணிகள்

மோட்டார் தொழிலில் சில்லு வேலைக்குத்தான், அதாவது சக்கர வேலைக்குத்தான், மரியாதை குறைவு. எஞ்சின் நின்றால் கராச்சுக்கு ஆள் அனுப்புகிறவர்கள், சில்லு கழன்றால் சாத்திரியாரிடம் போகிறார்கள்.

நான் அச்சுவேலியில் என் மச்சானின் கராச்சில் சில்லு பூட்டுகிறவன். அதற்கு முன் சுருட்டுக் கொட்டிலில் இருந்தேன். நாங்கள் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உரத்த குரலில் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் வாசிப்பார். நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். பிறகு பிரசுரங்களை நானே எழுதினேன். கள்ளுத் தவறணையை மூடச் சொல்லி வாசலில் குந்தியிருந்ததற்காக மறியல் என்கிற சிறைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்று பேசி, மேடையிலேயே கல்லெறி வாங்கினேன். அன்று என்னோடு கொடி பிடித்தவர்கள் இன்று பஸ் முதலாளிகள். நான் அவர்களுடைய பஸ்ஸுக்குக் கீழே மல்லாந்து படுத்திருக்கிறேன். ஊர் என்னை ‘நோட்டீசு அண்ணை’ என்கிறது. அதில் எனக்கு வெட்கமில்லை.

இதை எழுத வைத்தவன் கந்தையா. அருளம்பலம் முதலாளியின் உடுப்பிட்டிப் பஸ்ஸை ஓட்டுகிறவன். வல்லைவெளியில் அந்தப் பஸ்ஸின் பின்சில்லு கழன்று ஓடியது. ஒரு மனுசிக்குக் கை முறிந்தது. கவனயீனமாக ஓட்டினான் என்று கந்தையா மேல் வழக்கு வைத்தார்கள். லைசென்ஸ் போனால் அவனுக்குப் பிழைக்க வழியில்லை. கடல் தொழிலை விட்டுவிட்டு, வள்ளத்தையும் விற்றுவிட்டு வந்தவன். வழக்கில் அவன் பக்கத்துச் சாட்சி நான் ஒருவன்தான். சில்லு ஏன் கழன்றது என்று கோட்டில், நீதவான் முன், சொல்லவேண்டியிருந்தது. நினைத்துப் பார்த்தபோது, அதைச் சொல்வதானால் பல வருடத்து வயிற்றெரிச்சலையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. ரோட்டோரத்தில் மூன்று சில்லோடு நின்று அனுபவித்தவர்களுக்கு என் எரிச்சல் விளங்கும்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். சில்லை அச்சு நுனியில் இருக்கும் குடத்தோடு சேர்த்துப் பிடித்து நிற்பவை சில மரையாணிகள். கராச்சில் ஸ்டட் என்போம். அவற்றின் மேல் நட்டைப் போட்டு இறுக்குகிறோம். கந்தையாவின் பஸ்ஸுக்குச் சில்லுக்கு ஆறு. இத்தனை சனத்தின் உயிரும் அந்த ஆறில் தொங்குகிறது என்றால் ஒருவரும் நம்புவதில்லை.

தண்ணீர்க் குழாய்

முதலில் கந்தையாவின் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். பாய்க்கயிறு இழுத்துப் பழகிய கை அது. ஸ்பானரால் நட்டை இறுக்கினால் அவனுக்கு மனம் ஆறாது. ஸ்பானரின் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைக் கொழுவி, அதன் நுனியில் ஏறி நின்று உன்னுவான். நட் கத்தும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு நிம்மதி.

இரும்பும் இழுபடும் என்று அவனுக்கு எத்தனையோ தரம் சொன்னேன். அளவோடு இறுக்கினால் ஸ்டட் மயிரளவு இழுபட்டு, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்புகிற இழுவைதான் சில்லை அமத்திப் பிடிக்கிறது. அளவு கடந்தால் கழுத்து மெலிந்துபோகும்; பிறகு திரும்பாது. மெலிந்த ஸ்டட் அன்றைக்கே முறிந்தாலும் பரவாயில்லை. அது காத்திருந்து, பள்ளமில்லாத நல்ல ரோட்டில் முறியும். எல்லாரும் ரோட்டுக்காரனைத் திட்டுவார்கள். ஸ்பானரைச் செய்தவன் உன் கைப்பலத்தை யோசித்துத்தான் அதன் நீளத்தை வைத்திருக்கிறான், அதற்கு மேல் ஒரு சாணும் வேண்டாம் என்றேன். கந்தையா கேட்கவில்லை. கடைசியில் மச்சான் அந்தக் குழாயை எடுத்துக் கிணற்றடியில் தண்ணீர் ஓடப் பூட்டிவிட்டார். கழுத்து மெலிந்த ஸ்டட் எல்லாவற்றையும் நான் மாற்றிப் போட்டேன். அன்று முதல் கந்தையா வெறும் ஸ்பானரோடு நின்றான். புத்தி வந்ததால் அல்ல, குழாய் இல்லாததால்.

“அண்ணை, நடுக்கடலிலை கயிறு இளகினா ஆர் போய்க் கட்டுறது? எனக்குத் தெரிஞ்சது இறுக்கம் ஒண்டுதான். அளவெண்டு ஒண்டை எனக்கு ஒருத்தரும் காட்டித்தரேல்லை.”

வண்டில் மை

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற வேலுப்பிள்ளை ஒரு பழைய கார் வாங்கினார். அதுவரை மாட்டுவண்டில் வைத்திருந்தவர். வண்டிலின் அச்சுக்கு வைக்கோற்சாம்பலும் எண்ணெயும் குழைத்த மையைப் பூசுவதுபோல, காரின் ஸ்டட் ஒவ்வொன்றுக்கும் வழிய வழியப் பூசி, அதன்மேல் நட்டைப் போட்டு இறுக்கியிருந்தார். நட் வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. அவருக்குச் சந்தோசம். கை களைக்கும்வரை இறுக்கினார்.

உருளுகிற இடத்துக்குத்தான் மை. பிடித்து நிற்கிற இடத்துக்கு மை எதற்கு? மரையில் எண்ணெய் பட்டால், வழமையான பலத்தில் இறுக்கினாலே ஸ்டட் வழமையைவிடக் கூடுதலாக இழுபடும். கைக்கு அது தெரியாது. கம்பித் தூரிகையால் மரையைத் துடைத்து, உலர்ந்தபடியே பூட்டவேண்டும் என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தேன். மூன்று ஸ்டட் நான் கழற்றும்போதே கையோடு வந்தன. அவர் அவற்றை ஒரு வாழைச்சருகில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் மெத்தக் கவலை.

“எண்ணெய் காட்டாத இரும்பும், தீன் காட்டாத மாடும் எத்தினை நாளைக்கு உழைக்கும்? நீர் பட்டினி போட்டுத்தான் வேலை வாங்கப் பாக்கிறீர்.”

நாலுபேர்

புடவைக்கடை நடராசாவின் கார் அமெரிக்கக் கார். அந்த வகைக் கார்களில் இடப்பக்கத்துச் சில்லின் மரையை மாறி வெட்டியிருப்பார்கள். சில்லு சுழலும்போது நட் தானாக இளகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக. வலப்பக்கத்தில் கழலுகிற திசை, இடப்பக்கத்தில் இறுகுகிற திசை. ஆணியின் முனையிலே அதற்கு அடையாளம் அடித்திருக்கும். யார் குனிந்து பார்க்கிறார்கள்?

இடப்பக்க ரயருக்குக் காற்றுப் போய் அவர் ரோட்டில் நின்றிருக்கிறார். புகையிலைத் தோட்டத்தில் நின்ற மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். நாலுபேருமாக நட்டைக் கழற்றப் பார்த்தார்கள். அது இறுகியது. இறுக இறுக, துருப்பிடித்துவிட்டது என்று இன்னும் உன்னினார்கள். ஒரு ஸ்டட் முறிந்ததும் “ஒண்டு கழண்டிட்டுது” என்று அடுத்ததற்குப் போனார்கள். அந்தச் சில்லில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரை இரண்டு சோடி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கோரிக்கைக்காக நாலு வீட்டுக்காரரை ஒரு பந்தலுக்குள் இருத்த நான் எத்தனை வருடம் அலைந்திருப்பேன். கடைசியில் இந்தப் பகுதியில் நான் கண்ட பூரண ஒற்றுமை, ஒரு நட்டைப் பிழையான பக்கம் திருப்புவதில் இருந்தது.

முறிந்த ஆணிகளின் முனையில் இருந்த அடையாளத்தைக் காட்டினேன். நடராசா கேட்டார்.

“ஒற்றுமை ஒற்றுமை எண்டு ஊரெல்லாம் கத்தினீர் காணும். நாங்கள் நாலுபேரும் ஒற்றுமையாத்தானே திருப்பினம்? பிறகேன் முறிஞ்சது?”

இரண்டாம் தரம்

அதே நடராசாவுக்குப் புது ஸ்டட் போட்டுக் கொடுத்தேன். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை இறுக்கவேண்டும். வரிசையாக வளைத்து இறுக்கிக்கொண்டு போனால் சில்லு ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். பிறகு இரண்டு ஸ்டட் மட்டும் எல்லாப் பாரத்தையும் சுமக்கும். நான் எதிரெதிராகவே இறுக்கினேன். கடைசியில், யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய உடனே காரைக் கொண்டுவாருங்கள், இன்னொரு தரம் இறுக்கவேண்டும் என்றேன். புது ஆணியும் சில்லும் ஓடி ஓடித்தான் ஒன்றோடொன்று படியும். படிந்த பிறகு நட் கொஞ்சம் இளகி நிற்கும். இது எல்லாச் சில்லுக்கும் உள்ளது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சரியாகச் செய்த வேலையைத் திரும்ப ஏன் செய்யவேண்டும்? ஒன்றில் எனக்கு வேலை தெரியாது, அல்லது அவரைத் திரும்பத் திரும்ப அலையவிட்டுக் கைச்செலவு பார்க்கிறேன். இரண்டிலொன்று என்று முடிவு செய்துவிட்டார். மச்சானையும் கூப்பிட்டு வைத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“கலியாணம் முடிஞ்சு கிழமைக்குப் பிறகு, படிஞ்சிருக்கோ எண்டு பாத்துத் திரும்பவும் தாலி கட்டுறதே?”

பூசைப் பெயின்ற்

இனிக் கந்தையாவின் பஸ். அருளம்பலம் முதலாளி ஒரு காலத்தில் நான் பேசும் மேடைகளில் காஸ் விளக்குப் பிடித்து நின்றவர். சமயச் சடங்கெல்லாம் வீண்செலவு என்று நான் எழுதிய பிரசுரத்தைச் சைக்கிளில் கொண்டுபோய் விநியோகித்ததும் அவர்தான். பஸ் வாங்கியதும் பக்தி வந்துவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை. அவரவர் பக்தி அவரவருக்கு. நான் குறை சொல்வது பெயின்றை.

வருடாவருடம் ஆயுதபூசைக்கு முன் சில்லுகளைக் கழற்றி, உள்ளும் புறமும் சிவப்புப் பெயின்ற் பூசுவார்கள். சில்லு குடத்தோடு முட்டுகிற முகத்துக்கும் பூசுவார்கள். குடத்துக்கும் பூசுவார்கள். பழையதைச் சுரண்டுவது கிடையாது. சுபநேரம் முடியுமுன் பஸ் சில்லோடு நிற்கவேண்டும் என்பதால், பெயின்ற் காயக்கூட விடாமல் பூட்டிவிடுவார்கள். இரும்பும் இரும்பும் முட்டவேண்டிய இடத்தில் ஒரு மெத்தை. அது நசிய நசிய நட் இளகும். நட் இளகினால் சில்லு ஆடும். சில்லு ஆட ஆட ஸ்டட் இப்படியும் அப்படியுமாக மடியும். கம்பியைக் கையில் வைத்து மாறிமாறி மடக்கிப் பாருங்கள், எந்த இடத்தில் அறும் என்று தெரியும்.

பூசைக்குப் பிறகு அந்தப் பின்சில்லில் ஒரு ஸ்டட் முறிந்தது. அடுத்து அதன் பக்கத்தில் உள்ளது முறிந்தது. நான் முதலாளியிடம் நேரே போனேன். ஒரு ஸ்டட் முறிந்தால் அதன் பாரத்தைப் பக்கத்தில் உள்ளவை சுமந்து களைத்திருக்கும்; ஆறையும் மாற்றவேண்டும், முகத்தை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டவேண்டும், அதுவரை பஸ்ஸை நிறுத்துங்கள் என்றேன். ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய பிறகு கப்பலில் சாமான் வருவதில்லை, ஸ்டட் கிடையாது, நாலு போதும் என்றார். சுரண்டுவதற்குக் கப்பல் தேவையில்லையே என்றேன். அவர் சால்வையை ஒருதரம் உதறிப் போட்டுக்கொண்டார்.

“உது சும்மா பெயின்றே? பூசைக்குப் பூசினது. அதைச் சுரண்டி நிலத்திலை கொட்டினா, என்ரை பஸ்ஸிலை லட்சுமி இருப்பாவோ? நீ சொல்லன் பாப்பம்.”

மாட்டன் என்ற சொல்

முதலாளியிடம் தோற்றுக் கந்தையாவிடம் வந்தேன். பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று சொல், உன் பின்னால் நான் நிற்கிறேன், மற்றப் பஸ் சாரதிகளையும் கூப்பிடுகிறேன் என்றேன். அன்று நீர்வேலி வாழைக்குலை முழுவதையும் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூரை வளைந்து நின்றது. நாலு ஸ்டட்டில் அவ்வளவு பாரம்.

கந்தையா சில்லைக் குனிந்து பார்த்தான். நட்டைக் கையால் தொட்டு அசைத்துப் பார்த்தான். அவனுக்கு விளங்காமல் இல்லை. பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறி இருந்தான்.

“நான் மாட்டன் எண்டா, நாளைக்கு ஓட வேறை ஆள் நிக்குது. நீங்களும் ஆயுள் முழுக்க மாட்டன் மாட்டன் எண்டுதானே சொன்னியள்? இப்ப எங்கை கிடக்கிறியள் அண்ணை? உந்தப் பஸ்ஸுக்குக் கீழை.”

வல்லைவெளி

மற்றச் சாரதிகளைத் தேடி நான் புறப்படுமுன் சில்லு கழன்ற செய்தி வந்தது. சைக்கிளில் போனேன். வல்லைவெளியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பஸ் ஒரு பக்கம் சரிந்து, குடம் ரோட்டைக் கிண்டிக்கொண்டு நின்றது. சனம் வெயிலில் குந்தியிருந்தது. கை முறிந்த மனுசியை வண்டிலில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். சில்லு தனியே ஓடிப்போய்ச் சேற்றில் விழுந்து கிடந்தது. கந்தையா ஒருவரோடும் கதைக்காமல் சிதறிய வாழைக்குலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ரோட்டோரம் அடுக்கிக்கொண்டிருந்தான்.

நான் குடத்தில் மிஞ்சியிருந்த ஸ்டட் துண்டுகளைப் பார்த்தேன். ஒரே உன்னில் முறிந்த இரும்பு முழுவதும் பளபளக்கும். இவை அப்படியில்லை. முறிந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்துத் துருவேறி, ஓரத்தில் மட்டும் புதிதாக மினுங்கின. நாட்கணக்காக வெடித்து வெடித்து வந்து, அன்று மிச்சம் அறுந்திருக்கிறது. வேகத்தில் முறிந்ததல்ல. பொலிஸ்காரரிடம் சொன்னேன். “சாட்சிக்குக் கூப்பிட்டால் வந்து சொல்லும்” என்றார். அப்போது முதலாளி வந்து இறங்கினார். சில்லையும் பார்க்கவில்லை, ஸ்டட்டையும் பார்க்கவில்லை.

“பூசை வைச்சு எடுத்த சில்லு. அதிலை பிழை வராது. பிழை உவன்ரை காலிலை. அமத்தி மிதிச்சிருப்பான்.”

கோடு

கோட்டுக்குப் போகும்போது ஆயத்தமாகத்தான் போனேன். குழாய், வண்டில் மை, மாறிய மரை, இரண்டாம் தரம் இறுக்குதல், எல்லாவற்றையும் ஒழுங்காக மனதில் அடுக்கியிருந்தேன். அதற்கு மேல் முதலாளிகள், சாரதிகள், சுபநேரம் பற்றியும் சில வார்த்தைகள் வைத்திருந்தேன். இத்தனை வருடம் மதகில் ஏறியும் மேசையில் ஏறியும் பேசியவனுக்கு, எதிரே இருப்பவர் எழுந்து போகமுடியாத ஒரு சபை அன்றுதான் கிடைத்தது. கந்தையாவுக்காக வழக்குப் பேச வந்த பிரக்கிராசியார் என் தோளைத் தொட்டு, கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லும் என்றார். நான் தலையாட்டினேன்.

சாட்சிக் கூட்டில் ஏறியதும் பொலிஸ் சார்ஜன்ற் என் மறியல் கதையைத்தான் முதலில் கேட்டார். ஓம் என்றேன். முதலாளிக்கு எதிராக எழுதினீரா? ஓம், எழுதினேன். எதிரி கந்தையா நட்டைக் குழாய் போட்டு இறுக்குகிறவன்தானே? கந்தையா என்னைப் பார்த்தான். பொய் சொல்ல எனக்கு வராது. ஓம், முன்பு அப்படிச் செய்தான் என்றேன். கந்தையா தலையைக் குனிந்துகொண்டான். பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று சபை முழுவதும் நினைத்தது.

அப்படியானால் சில்லு கழன்றது அதனால்தானே என்றார் சார்ஜன்ற். இல்லை என்று தொடங்கினேன். குழாய் போட்டு இறுக்கியிருந்தால் ஸ்டட்டின் கழுத்து மெலிந்திருக்கும், இவற்றில் ஒன்றுக்கும் கழுத்து மெலியவில்லை என்றேன். அங்கிருந்து இரும்பின் குணத்துக்குப் போனேன். வண்டிலுக்குப் போனேன். பூசைக்கு வந்தேன். விளக்குப் பிடித்தவர்கள் முதலாளியான வரலாற்றுக்கும் வந்தேன். குரல் உயர்ந்திருக்கவேண்டும், வெளிவிறாந்தையில் நின்றவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நீதவானுக்குத் தமிழ் வராது. அவர் பேனையை வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் வயதானவர். நான் மூச்சு விட நிறுத்திய இடத்தில் அவர் எழுந்து, இங்கிலீசில் ஒரே ஒரு சொல் சொன்னார். “பெயின்ற்.”

நான் சொன்னது அவ்வளவும் எங்கே என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் நீதவான் எழுந்துவிட்டார். விறாந்தையில் சான்றுப்பொருளாக வைத்திருந்த சில்லடியில் குனிந்து, பேனாக்கத்தியால் அதன் முகத்தைச் சுரண்டினார். சிவப்பு அடை அடையாக உரிந்தது. ஒவ்வொரு அடைக்கும் கீழே இன்னொரு பூசையின் சிவப்பு. கத்தி இரும்பைத் தொட நேரம் எடுத்தது. பிறகு முறிந்த ஸ்டட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பையும் மினுக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வந்து இரண்டு வசனம் சொன்னார். கந்தையா போகலாம், லைசென்ஸ் அவனிடமே இருக்கும். அருளம்பலம் முதலாளிக்குத் தனி அழைப்பாணை வரும். பின்வாங்கில் இருந்த முதலாளி இந்தத் தரம் சால்வையை உதறவில்லை.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். கந்தையா லைசென்ஸைச் சேட்டுப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்துப் பார்த்து, திரும்பவும் வைத்தான். என் கையைப் பிடிப்பான், ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். சொன்னான்தான்.

“மெத்தப் பெரிய உதவி அண்ணை. எண்டாலும் அந்த மொழிபெயர்க்கிற ஆள் சொன்ன ஒரு சொல்லை நீங்களே முதல்லை சொல்லியிருந்தா, இண்டைக்குச் சந்தைக்கு ஒரு ஓட்டம் ஓடியிருப்பன்.”

ஆகவே, சில்லோடு மாரடிக்கும் என் சகோதரரே, முகத்தைச் சுரண்டுங்கள், மரையை உலர விடுங்கள், எதிரெதிராக அளவோடு இறுக்குங்கள், ஓடிவந்து இன்னொரு தரம் இறுக்குங்கள், இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொன்னாலும் முறியப்போவது ஸ்டட் அல்ல, உங்கள் தொண்டை.